ரப்பர் பால் சொட்டும் சத்தமும் வில்லுப்பாட்டுக் குடமும்: நல்ல ரெக்கார்டருக்கு மாறுகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். விடியற்காலை நாலரை மணி இருக்கும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒரு அக்கா மரம் மரமாகப் பால் வெட்டிக்கொண்டு போகிறார். கத்தி பட்டையில் ஒரு இழுப்பு இழுத்ததும் பால் சரிவாக ஓடிவந்து சிரட்டையில் விழுகிறது. காலிச் சிரட்டையில் விழும் முதல் நாலைந்து சொட்டு டொக் டொக்கென்று கேட்கும், அடியில் கொஞ்சம் பால் சேர்ந்துவிட்டால் அந்தச் சத்தம் மெத்தென்று மாறிவிடும். அதைப் பதியத்தான் போயிருந்தேன். "என்னத்த மக்கா புடிக்கிய? பாலு சொட்டியதயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் ஒரே ஸ்ஸ்ஸ். சொட்டு எங்கோ ஆழத்தில் கேட்கிறது, அதன் மேல் ஓயாமல் தூறல் விழுகிற மாதிரி இரைச்சல். அதே ரெக்கார்டரை அப்புறம் இரணியல் பக்கம் ஒரு அம்மன் கொடைக்கு, அதாவது கோயில் விழாவுக்கு, வில்லுப்பாட்டுப் பதிய எடுத்துக்கொண்டு போனேன். புலவர் கதையைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது சரியாகக் கேட்கவில்லையே என்று கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பதிவில் பெருக்குகிற அளவை, கொஞ்சம் ஏற்றினேன். அவ்வளவுதான், அடுத்த நிமிடம் பாட்டு எடுக்க, குடக்காரர் பத்தி என்கிற மட்டையால் குடத்தின் வாயில் ஒரு அடி போட, பதிவு முழுக்கக் கிழிந்துபோயிற்று.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு கதையையும்தான். காசு போட்டு நல்ல ரெக்கார்டர் வாங்குவது இந்த இரண்டு முனைக்காகத்தான், ஒன்று மிகச் சன்னமான சத்தம், இன்னொன்று எப்போது உயரும் என்று தெரியாத பெரிய சத்தம். நடுவில் இருக்கிறதை எல்லாம், அதாவது பேட்டி, சந்தை, பேருந்து நிலையம், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டம், தோவாளைப் பூச்சந்தை ஏலம், இதையெல்லாம் கையடக்கமான சின்ன ரெக்கார்டரே நன்றாகப் பிடிக்கும். உங்கள் வேலை அதுதான் என்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காற்றுத் தடுப்பைப் பற்றிச் சொல்லும் இடத்துக்கு நேரே போய்விடுங்கள்.

முதல் வேலை: இரைச்சல் யாருடையது?

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வெளியே பறவைச் சத்தம் பதியும்போது எவ்வளவு கெயின் வைப்பீர்களோ அதையே வைத்து இரண்டு நிமிடம் பதியுங்கள். அதையும், வெளியே எடுத்த பழைய பதிவு ஒன்றையும் ஒரே வால்யூமில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டிலும் ஸ்ஸ் ஒரே அளவில் இருந்தால் குற்றவாளி கருவிதான். வெளியே எடுத்ததில் மட்டும் இரைச்சல் கூடுதலாக இருந்தால் அது இடத்தின் சத்தம். அதை எந்த ரெக்கார்டரும் குறைக்காது, நல்ல ரெக்கார்டர் அதை இன்னும் தெளிவாகப் பதிந்து கொடுக்கும், அவ்வளவே.

நம் மாவட்டத்தில் இது முக்கியம். ஊருக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்று கிடையாது, குளச்சல், முட்டம் பக்கமெல்லாம் ராத்திரி கடல் இரைச்சல் ஊருக்குள்ளேயே கேட்கும், தேசிய நெடுஞ்சாலையில் லாரி ஓயாது. தேரூர் குளத்தில் விடியலில் நான் எடுத்த பதிவில் ஸ்ஸ் இருக்கிறதே என்று ஒரு மாதம் ரெக்கார்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பாதி ரோட்டுச் சத்தம்.

பெரிய ரெக்கார்டரில் என்னதான் இருக்கிறது

முதலில் எக்ஸ்.எல்.ஆர். துளை. மூன்று முள் உள்ள அந்தக் கெட்டியான கனெக்டர் வழியாகத்தான் நல்ல மைக்குகள் எல்லாம் வருகின்றன, கேபிள் நீளமாக இருந்தாலும் வெளி ஹம் சத்தம் ஏறாது. அதோடு 48 வோல்ட் பாண்டம் பவர், அதாவது அந்தக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகிற மின்சாரம். கண்டென்சர் மைக்குக்கு அது இல்லாமல் உயிர் கிடையாது.

அடுத்தது ப்ரீஆம்ப். மைக்கிலிருந்து வரும் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்குகிற பகுதி இதுதான், சின்ன ரெக்கார்டர்களில் ஸ்ஸ் பெரும்பாலும் இங்கேயும் உள்ளே இருக்கும் சின்ன மைக்குகளிலும்தான் பிறக்கிறது. கருவியின் விவரத்தாளில் ஈ.ஐ.என். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், ப்ரீஆம்ப் தானே சேர்க்கிற இரைச்சலின் அளவு அது, மைனஸில் இருக்கும், மைனஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அமைதி. ஜூம் எஃப்3 ரெக்கார்டருக்கு அது -127 டிபியு (டெசிபல் கணக்கில் ஓர் அளவு). 150 ஓம் மைக் ஒன்றின் கம்பிக்குள்ளேயே வெப்பத்தால் உண்டாகிற இரைச்சல் சுமார் -131, அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. ஆக -127, -128 என்பதெல்லாம் கிட்டத்தட்ட எல்லைக்கோடு. இரண்டு கருவிக்கு நடுவே 1 டெசிபல் வித்தியாசத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

மூன்றாவது, எல்லாரும் பேசுகிற 32 பிட் ஃப்ளோட் என்கிற பதிவு முறை. எஃப்3 மாதிரிக் கருவிகளில் ஒரே மைக்குக்கு, அதன் மின்சாரத்தை எண்ணாக்குகிற கன்வெர்ட்டர் இரண்டு இருக்கும், ஒன்று சன்னமான சத்தத்துக்கு, இன்னொன்று பலத்த சத்தத்துக்கு. இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக எழுதிவிடும். அதனால் கெயின் வைக்கிற தலைவலியே இல்லை, எஃப்3இல் கெயின் திருகே கிடையாது. கொடையில் குடம் அடித்ததும் கணினித் திரையில் அலை மேலே முட்டி வெட்டுப்பட்ட மாதிரிதான் தெரியும், ஆனால் சத்தத்தைக் குறைத்தால் முழு அலையும் திரும்பி வந்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது.

ஒரு எச்சரிக்கை: ரெக்கார்டர் தாங்கும் என்பதால் மைக்கும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். செண்டைக்கு ஒரு முழம் தள்ளி மைக்கை வைத்தால் மைக்கே திணறலாம், காற்று நேராக மைக்கின் தகட்டில் மோதினாலும் அப்படியே. அங்கே 32 பிட்டும் கிடையாது, 64 பிட்டும் கிடையாது.

எதை வாங்குவது

இடத்தின் சத்தம், பறவை, தவளை, ரப்பர்ப் பால் என்று இரண்டு மைக் போதும் என்றால் எஃப்3 போதும். சின்னது, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், மைக்ரோ எஸ்டி கார்டு. உள்ளே மைக் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எதுவும் பதிய முடியாது, மைக்குக்கும் தனியாகக் காசு வேண்டும். வில்லுப்பாட்டுக் குழுவில் புலவருக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக மைக் வைக்க ஆசை என்றால் ஜூம் எஃப்6 அல்லது சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ-6 இரண்டாம் பதிப்பு. மிக்ஸ்ப்ரீ வரிசையின் ப்ரீஆம்ப் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் பென்சில் பேட்டரியை அது வெற்றிலை மெல்லுகிற மாதிரி மென்று தள்ளிவிடும். எல்லாமே ஒரே பெட்டியில், உள்ளேயே மைக்கோடு வேண்டும் என்பவர்களுக்கு டாஸ்காம் போர்ட்டாகேப்ச்சர் எக்ஸ்8 இருக்கிறது, அதிலும் 32 பிட் ஃப்ளோட் உண்டு.

பட்ஜெட் போடும்போது ரெக்கார்டருக்குப் பாதி, மைக், கேபிள், காற்றுத் தடுப்பு, ஹெட்போனுக்குப் பாதி என்று பிரியுங்கள். முழுக் காசையும் ரெக்கார்டரில் போட்டுவிட்டுப் பழைய கல்யாண வீட்டு மைக்கைச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மைக்குக்கும் சொந்த இரைச்சல் உண்டு, அதுதான் சன்னமான சத்தத்தில் உங்கள் எல்லை. ரோட் என்.டி.1 மைக்கில் அது 4 டெசிபல் அளவுக்குக் குறைவு, சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற சென்ஹைசர் எம்.கே.ஹெச். 416இல் 13. சிரட்டையில் சொட்டுவதைப் பிடிக்க முதலாவதுதான் சரி. ஆனால் அது உருவத்தில் பெரியது, ஈரத்துக்குப் பயப்படும், மழைக்காலத்தில் பேச்சிப்பாறை பக்கம் கொண்டுபோனால் பொரி வறுக்கிற மாதிரிப் படபடக்க ஆரம்பித்துவிடலாம். 416 உள்ளே வேறு விதமாக, ரேடியோ அலை முறையில் வேலை செய்வதால் ஈரத்தை நன்றாகத் தாங்கும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதை மைக் வாங்கும்போது மறக்காதீர்கள்.

பழையது வாங்கினால்: என் முதல் பெரிய ரெக்கார்டரைக் கடற்கரை ஊர்க்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பட்டன் எல்லாம் பார்த்தேன், திரை பார்த்தேன், பேட்டரி மூடியை மட்டும் திறக்கவில்லை. உள்ளே ஸ்பிரிங் பூராவும் பச்சைக் களிம்பு. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார்கள், அதைப் பற்றிப் பேசி என்ன. நீங்கள் பார்க்க வேண்டியது: பேட்டரி அறை, எக்ஸ்.எல்.ஆர். துளைக்குள் உப்புக்கறை, ஹெட்போன் பின்னை மெல்ல ஆட்டினால் கரகரக்கிறதா, இரண்டு துளையிலும் பாண்டம் வருகிறதா. கையில் ஒரு கண்டென்சர் மைக்கும் கேபிளும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

காற்று, காற்று, காற்று

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்தவருக்கு விளக்கவே வேண்டாம், காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. மைக்கோடு வருகிற ஸ்பாஞ்ச் உறை வாயிலிருந்து வரும் காற்றுக்குத்தான், கடற்கரைக்கு உதவாது. மேலே நீண்ட ரோமம் உள்ள துணி உறை வேண்டும். அதைவிட நல்லது, மைக்கைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம் விட்டு ஒரு கூண்டு, அதன் மேல் ரோமத் துணி. காற்று ரோமத்தில் சிக்கி வேகம் குறையும், கூண்டுக்குள் இருக்கிற காற்று அசையாமல் நிற்கும்.

கடையில் வாங்கினால் நல்ல கூண்டு மைக் விலைக்கே வரும். நான் முதலில் செய்தது இது: பாத்திரக் கடையில் ஒரே அளவில் இரண்டு பெரிய கம்பி வடிகட்டி, கைப்பிடியை வெட்டிவிட்டு, வாயோடு வாய் வைத்து நூல் கம்பியால் கட்டினேன். அடியில் மைக் நுழைய ஓட்டை. பொம்மை தைக்கிற நீள ரோமத் துணியை நாகர்கோவிலில் வாங்கி, ரோமம் வெளியே இருக்கும்படி உறையாகத் தைத்து மாட்டினேன். மைக் கம்பியில் முட்டாமல் ரப்பர் வளையத்தில் தொங்க வேண்டும், முட்டினால் காலடி அதிர்வு எல்லாம் ஏறும். பார்க்கச் செத்த பூனை மாதிரி இருக்கும், மணவாளக்குறிச்சி கடற்கரையில் இரண்டு நாய் அதைத் துரத்தியே வந்தன. ஆனால் வேலை செய்தது.

உறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிற்கிற இடத்தை யோசியுங்கள். முட்டத்தில் பாறை உச்சியில் நின்று அலைச் சத்தம் எடுக்கப் பார்ப்பவர்களுக்குக் காற்றுதான் கிடைக்கும். கீழே இறங்கி, பாறையின் மறைவில், தரையோடு தரையாக மைக்கை வையுங்கள், அலை தெறிக்கிற தூரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் ஏற்றி வைத்திருக்கிற வள்ளத்தின் மறைவும் நல்ல இடம். நேரம் என்றால் விடியலுக்கு முன். பகலில் நிலம் சூடேறக் கடற்காற்று எழும்பும், மத்தியானத்துக்கு மேல் அது உச்சத்தில் இருக்கும். 80 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டுகிற லோ கட்டை 24 பிட் கருவியில் பதியும்போதே போட்டுவிடுங்கள். 32 பிட் ஃப்ளோட்டில் அவசரமில்லை, வீட்டில் வந்து வெட்டிக்கொள்ளலாம்.

முதல் நாள் அமைப்பு

வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அல்லது 32 பிட் ஃப்ளோட். எம்.பி.3 பக்கமே போக வேண்டாம். 96 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள், வௌவால் மாதிரி உயர்ந்த சத்தம் பதியவோ, பதிந்ததைப் பிற்பாடு வேகம் குறைத்து விளையாடவோ போகிறீர்கள் என்றால் மட்டும், அதுவும் மைக்குக்கு அந்த உயரம் எட்ட வேண்டும். இடக்கணக்கு: ஸ்டீரியோவில் 48க்கு 24 என்றால் மணிக்குச் சுமார் 1 ஜிபி, 32 ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி. ராத்திரி முழுக்க 6 மணி நேரக் கொடைக்கு 8 ஜிபிக்கு மேல் ஆகும், 32 ஜிபி கார்டு தாராளம்.

தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள், இதைச் செய்யாத ஒருவரின் கோப்புகளை அடுக்கிக் கொடுத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரீசார்ஜ் பேட்டரி என்றால் மெனுவில் அதற்கான வகையைத் தேர்ந்தெடுங்கள், அந்த பேட்டரி 1.2 வோல்ட்தான், சாதா பேட்டரி 1.5, வகை தப்பாக இருந்தால் மிச்ச அளவைத் தப்பாகக் காட்டும். பவர் பேங்க் வைத்து ஓட்டலாம், ஆனால் இழுக்கிற மின்சாரம் குறைவாக இருந்தால் சில பவர் பேங்க் தானே அணைந்துவிடும், அதனால் வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டே நம்புங்கள். கேபிளைச் செருகிய பிறகு பாண்டம் போடுங்கள், பிடுங்கும் முன் அணையுங்கள்.

கெயின் திருகு உள்ள கருவி என்றால் மிகப் பெரிய சத்தம் மீட்டரில் -12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். மீட்டரைப் பார்த்து வையுங்கள், ஹெட்போன் வால்யூமை நம்பி வைக்காதீர்கள். நான் கொடையில் ஏமாந்தது இதில்தான், சத்தம் குறைவாகக் கேட்டது ஹெட்போனில், நான் ஏற்றியது கெயினை. ஹெட்போன் காதை முழுக்க மூடுகிற வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மைக் கேட்பதா நாம் நேரில் கேட்பதா என்று தெரியாது.

இடத்துக்குப் போனதும்

ஸ்டாண்டில் வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள். கேபிளை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். பட்டனை அழுத்தியதும் இடம், தேதி, நேரம், எந்த மைக் என்று வாயால் சொல்லிவிட்டு நாலு அடி தள்ளிப்போய் உட்காருங்கள். சரசரக்கிற ரெயின்கோட் வேண்டாம், பருத்திச் சட்டை. போன் ஏரோபிளேன் முறையில். கொசு கடித்தால் கடிக்கட்டும், அடித்தீர்களானால் அது துப்பாக்கிச் சத்தம் மாதிரிப் பதிவாகும். ஐந்து நிமிடமாவது அசையாமல் இருங்கள், நாம் போய் உட்கார்ந்ததும் அடங்கிப்போன தவளைகள் திரும்ப ஆரம்பிக்க அவ்வளவு நேரம் ஆகும். ரப்பர் தோட்டத்தில் வெயில் ஏறியபின் இருந்தால் காய் வெடிக்கிற சத்தமும் கிடைக்கலாம், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லவே முடியாது, அதனால் இரண்டு மைக்கையும் 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகை விரித்து வைக்கிற ஓ.ஆர்.டி.எஃப். முறை நல்லது. இது கார்டியாய்டு மைக்குக்கான முறை, அதாவது முன்பக்கச் சத்தத்தை அதிகமாகப் பிடிக்கிற மைக்.

கொடையில் பதிகிறவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், அதன் நேரே உட்கார்ந்தால் வில்லின் மணிச் சத்தம் செத்துவிடும். குழுவுக்கு முன்னால், பக்கத்தில் உட்காருங்கள். சவுண்ட் செட் அண்ணனிடம் கேட்டால் மிக்சரிலிருந்து ஒரு வயர் தருவார், ஆனால் அது லைன் அளவில், அதாவது மைக்கைவிடப் பல மடங்கு பலமாக வரும், ரெக்கார்டரிலும் அந்தத் துளையை லைனுக்கு மாற்றிப் பாண்டத்தை அணைத்துவிட்டே செருகுங்கள். ஹம் வந்தால் ரெக்கார்டரைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் போய்விடும். பீடத்துக்குப் பக்கத்தில் மைக் வைக்கிறதாக இருந்தால் நிர்வாகிகளிடம் கேட்காமல் வைக்கக் கூடாது. காட்டுக்குள் போகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

உப்பும் ஈரமும்

ஏசி காரில் குளிர்ந்த மைக்கை நேரே கடற்கரையில் வெளியே எடுத்தால் அதன் மேல் தண்ணீர் பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டர் உடம்பையும் கேபிள் முனைகளையும் லேசாக ஈரத்துணியில் துடைத்து, உலர்ந்த துணியில் திரும்பத் துடைத்து, இறுக்கமாக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசியில் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம், துளைக்குள் தவிடுதான் போகும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், அந்தப் பச்சைக் களிம்பை நான் மறக்கவில்லை.

கோப்புகளை அன்றைக்கே கணினிக்கு மாற்றி, இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு, இரண்டு இடத்திலும் திறந்து கேட்ட பிறகு கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். 32 பிட் ஃப்ளோட்டை ஆடாசிட்டியில் இலவசமாகத் திறக்கலாம். முதலில் அளவைக் குறைத்தோ ஏற்றியோ சரிசெய்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்கும் பிரதியை 24 பிட்டாக மாற்றுங்கள், எல்லா மென்பொருளும் 32 ஃப்ளோட்டைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. பறவைக் குரலாக இருந்தால் செனோ-கான்டோ தளத்தில் ஏற்றலாம். பாட்டாக இருந்தால் பாடியவருக்கு முதல் பிரதி. இரணியல் புலவருக்கு அடுத்த கொடைப் பதிவை 24 பிட் வேவாக பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எதுல போடியது பிள்ளே? வாட்ஸாப்ல அனுப்பு" என்றார். எம்.பி.3 ஆக்கி, கதைக்கு ஒன்றாக நறுக்கி, அன்றைக்கு ராத்திரியே அனுப்பினேன்.